பின் இன்ஜின் போகட்டும்

தம்பி, அங்க நிக்காதீங்க. இக்கட்டால, இந்தப் பக்கமா வாங்க. அந்த எடத்துல நின்னா கரண்ட் கம்பம் குறுக்க வந்துரும். போன மாசம் ஈரோட்டுக்காரர் ஒருத்தர் அடம்புடிச்சு அங்கயேதான் நின்னாரு. ஊருக்குப் போயிப் போட்டுப் பாத்தா வீடியோ பூராக் கம்பமுங்க. கம்பத்துக்குப் பின்னால அங்கங்க கொஞ்சம் ரயிலு தெரிஞ்சுதுன்னு சொன்னாரு.

கேமரா புதுசுங்களா? நல்லாருக்குதுங்க. நம்முளுது பழசுதான், ஆனா கை பழகுனது. தம்பி 'கூனிமலை கூட்ஸ்'னு ஒரு சேனல் பாத்திருப்பீங்களே? பாத்திருக்கறீங்களா! அது நாந்தானுங்க. நாச்சிமுத்து. இந்தக் கூனிமலைக் கணவாய்ல சரக்கு வண்டி ஏறுறதை எவன் படம் புடிச்சாலும் அது எனக்கு அப்புறந்தான்... ஏனுங்க சிரிக்கறீங்க?

ஓ. அந்த வீடியோவைப் பாத்துட்டீங்களாக்கும்.

அப்பச் செத்த உக்காருங்க. நீங்க ஒரு பக்கத்து நாயத்தைத்தான் கேட்டிருக்கறீங்க. கீழ டேசன்ல ஒரு கூட்ஸ் நிக்குது. பின்னால ஒரு இன்ஜின் மாட்டித் தள்ளுனாத்தான் அது இந்த மலை ஏறும். மாட்டி, ஆரன் அடிச்சு, கெளம்பி வர்றதுக்குள்ள நான் சொல்லி முடிச்சிருவேன்.

நான் ரயில்வேக்காரன் இல்லீங்க. பஞ்சு மில்லுல மேஸ்திரி. தலை நரைக்கற வரைக்கும் அந்த மிஷின் சத்தத்துக்குள்ளயேதான் கெடந்தேன். உள்ள நின்னு ஒருத்தன் தொண்டை கிழியக் கத்துனாலும் பக்கத்துல இருக்கறவனுக்குக் கேக்காது. எல்லாம் கை ஜாடைதான். கையை இப்புடித் தூக்கி உள்ளங்கையக் காட்டுனா, 'நில்லு, மிஷின் ஓடீட்டிருக்குது'ன்னு அர்த்தம். இந்தக் கைக்கு ஒரு ஷிப்டே நிக்குமுங்க. ரிட்டையர் ஆயி ஊட்டுல உக்காந்து கையத் தூக்குனா ஒரு ஈ காக்கா நிக்கல.

அப்பத்தான் மருமகப்புள்ளை ஒரு கேமரா வாங்கிக் குடுத்தாரு. பேரனைப் படம் புடிக்கச் சொல்லித்தான் குடுத்தாரு. பேரன் ஒரு எடத்துல நிக்க மாட்டேங்கறானுங்க. கூட்ஸ் வண்டி தண்டவாளத்தை உட்டு அங்க இங்க போறதில்ல. நீங்களே சொல்லுங்க, எதைப் புடிப்பீங்க?

எங்களாட்ட ரயில் படம் புடிக்கற ஆளுகளுக்குன்னு போன்ல ஒரு குழு இருக்குதுங்க. சேலம், பாலக்காடு, அரக்கோணம்னு எல்லா ஊர்லயும் ஆளுக. அதுல எழுதி வெக்காத சட்டம் ரெண்டு இருக்குது. முன் இன்ஜின் தெரியறதுல இருந்து, கடைசியில தள்ளீட்டு வர்ற பின் இன்ஜின் வளைவைத் தாண்டற வரைக்கும் கேமராவ உட்டு நகரக் கூடாது. பாதியில உட்டா அது வீடியோவே இல்ல, துண்டு. இன்னொண்ணு, மனுசக் குரலு உள்ள வரக்கூடாது. தும்மல் வந்தாக்கூட முழுங்கிக்கோணும். நான் முழுங்கியிருக்கேன், காது அடைச்சுப் போயி ஊட்டுல சொல்றது ஒண்ணும் கேக்காமத் திரிஞ்சேன். அது ஒரு வகையில நல்லதாத்தான் இருந்துச்சு.

இதெல்லாம் வசந்தாமணிக்கு எங்கீங்க புரியுது? வசந்தாமணிங்கறது என்ற ஊட்டுக்காரி. மத்தியானச் சோத்துக்கு நான் ஊட்டுக்குப் போறதில்லீங்க, கூட்ஸ் அப்பத்தான் அதிகம் வரும். அதனால அவளே தூக்குப்போசியில சோறு கொண்டாருவா. கொண்டாந்தமா, வெச்சமா, போனமான்னு இருக்கோணுமல்ல? அதுதான் கெடையாது. அந்தா, அந்தக் கல்லு மேல உக்காந்துக்குவா. மடியில முருங்கைக் கீரையப் போட்டு உருவிக்கிட்டே பேசுவா. யாருகிட்டன்னு கேளுங்க. என்ற முதுகுகிட்ட.

கரி வண்டி வந்தா, "இத்தனை கரியக் கொண்டுட்டுப் போறாங்களே, ஒரு கூடை நம்ம வாசல்ல கொட்டுனா என்னவாம்?"ம்பா. சிமெண்டு வண்டி வந்தா, "பாத்ரூம் செவுரு பேந்து கெடக்குது, ஓடிப் போயி ஒரு மூட்டை இழுத்துப் போடுங்க"ம்பா. காலி வண்டி கடகடன்னு போனா, "இது உங்களாட்டவே இருக்குதுங்க, உள்ள ஒண்ணுமில்ல, சத்தத்துக்குக் கொறைச்சலில்ல"ம்பா. ஒரு ஆயுத பூசை அன்னைக்கு முன் இன்ஜினுக்கு மாலையெல்லாம் போட்டு உட்டிருந்தாங்க. பின் இன்ஜின் மொட்டையா முக்கிக்கிட்டு வருது. உடனே இவ, "மூச்சு முட்டத் தள்ளறது இவ, மாலை அவனுக்காக்கும்"ன்னா. பின் இன்ஜின் பொம்பளைன்னு இவளுக்கு யாரு சொன்னதுன்னு எனக்கு இன்னும் வெளங்கல.

நான் திரும்பிப் பாக்க மாட்டேன். முதுகுக்குப் பின்னால கையத் தூக்கி உள்ளங்கையக் காட்டுவேன். அதுக்கும் ஒண்ணு வெச்சிருப்பா. "ஆசீர்வாதம் போதுஞ் சாமி, சோறு ஆறுது"ம்பா.

சேனல் என்னமோ நல்லாத்தான் போச்சுங்க. ஆயிரக்கணக்குல பாத்தாங்க. எல்லாம் நம்ம ஆங்கிள் பண்ற வேலைன்னு நெனைச்சேன். இப்பவும் அப்புடித்தான் நெனைக்கறேன். ஆனா கீழ கமெண்ட்டுல எழுதறானுக பாருங்க: "அக்கா, இன்னைக்கு என்ன கீரை?" "அக்கா, பாத்ரூம் செவுரு பூசியாச்சுங்களா?" துபாய்ல இருந்து ஒருத்தன், "அக்கா பேச்சைக் கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வருது"ங்கறான். ரயிலப் பத்தி ஒருத்தனும் மூச்சு உடலீங்க. ரசனை கெட்ட பசங்க. அதுக்கு மேல எங்க குழுவுல ஒருத்தன், "நாச்சிமுத்தண்ணன் ரயிலு வீடியோ எடுக்கறாரா, வில்லுப்பாட்டு நடத்தறாரா?"ன்னு கேட்டுப்போட்டான். மானமே போச்சுங்க எனக்கு.

அன்னைக்கே முடிவு பண்ணுனேன். நல்ல மைக்கு ஒண்ணு வாங்குனேன், காத்துச் சத்தம் புகாம இருக்க ரோமத்துல சட்டை போட்டது. நாய்க்குட்டியாட்ட இருக்கும். வசந்தாமணி அதைத் தடவிக் குடுத்து, "இதுக்காச்சும் காது கேக்குமுங்களா?"ன்னு கேட்டா. நான் காதுல போட்டுக்கல. "இனிமேல் மேல வராத. சோத்தைக் கீழ வேலியோரம் வெச்சுட்டுப் போயிரு"ன்னேன். சரின்னுட்டா. அவ சரின்னு சொன்னதும் எனக்கே கொஞ்சம் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு, ஆனா மைக்குல பாத்தா சத்தம் அப்புடியொரு சுத்தம்.

இனிதான் தம்பி நீங்க கேக்கோணும்.

மழை உட்டு மலை பூராப் பச்சையா நின்ன சமயம். நீளமான கரி வண்டி ஒண்ணு வருதுன்னு குழுவுல காத்தால இருந்தே ஒரே பேச்சு. முன்னால மூணு இன்ஜின், பின்னால ரெண்டு. இப்புடி ஒண்ணு வருசத்துல ஒருக்கா அமைஞ்சா அதிகம். நான் ஸ்டாண்டைப் போட்டு, மைக்கு மாட்டி, சாமி கும்பிட்டுட்டு நிக்கறேன். வந்துச்சு பாருங்க, மலையே அதிருது. மூணு இன்ஜினும் என்ற முன்னால ஏறித் தாண்டுது.

அந்த நேரம் பாத்து, பின்னால சரிவுல இருந்து, "ஏனுங்க"ன்னு ஒரு குரலு.

முந்துன நாளு வேலியோரம் வெச்ச சோத்தை நாய் இழுத்துட்டுப் போயிருச்சு. நான் ஊட்டுக்குப் போயி ஒரு ஆட்டம் ஆடிப்போட்டேன். அதனால அன்னைக்கு மேல கொண்டாந்து கையில குடுத்துட்டுப் போயரலாம்னு வந்தாளாம். ஈரப்பாறை வழுக்கீருச்சு. "ஏனுங்க, கால் போச்சுங்க... ஏனுங்க..."ங்கறா.

நீங்களும் கேமரா புடிக்கறவரு, நீங்க சொல்லுங்க. மூணு இன்ஜின் தாண்டீருச்சு, நடு வண்டி போயிட்டிருக்குது. நான் கையத் தூக்கிக் காட்டுனேன். கெட்ட எண்ணமெல்லாம் இல்லீங்க. பின் இன்ஜின் போகட்டும், வந்தர்றேன்னு அர்த்தம். கண்ணாலமான நாளா அந்த ஜாடையப் பாக்கறவ, அவளுக்குத் தெரியாதுங்களா? மறுக்கா ஒருக்கா கூப்புட்டா. அப்புறம் கூப்புடல. பரவால்ல, புரிஞ்சுக்கிட்டாளேன்னு நெனைச்சேன்.

அப்பத்தான் ரயில்வே கேங்மேன் ஒருத்தர் வந்தாரு. தண்டவாளத்தோரம் கீழ வேலை பாத்துட்டிருந்தவரு, ஆரஞ்சுச் சட்டையோட, என்ற ஃபிரேமுக்குள்ள ஓடியாறாருங்க! இத்தாப்பெரிய மலையில சுத்திப் போறதுக்கு எடமே இல்லீங்களா? கரெக்டா என்ற கேமராவுக்கு முன்னால, இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் ஓடறாரு.

பின் இன்ஜின் வளைவு தாண்டுனதும் நானும் ஓடுனனுங்க. நடந்து போகல, ஓடித்தான் போனேன். அதை ஒருத்தனும் சொல்றதில்ல. நான் போறதுக்குள்ள அந்தாளு இவளைத் தூக்கி உக்கார வெச்சு, துண்டைக் கிழிச்சுக் கால்ல கட்டி, தண்ணி குடுத்துட்டிருந்தாரு. என்னையப் பாத்து, "யோவ், நீயெல்லாம் மனுசனாய்யா?"ன்னாரு. என்ற ஃபிரேமைக் கெடுத்துட்டீங்களேன்னுகூடக் கேக்கலீங்க, அவ்வளவு பொறுமை எனக்கு.

கணுக்கால்ல எலும்பு முறிஞ்சிருச்சு. மாவுக்கட்டுப் போட்டாங்க. நான் சும்மா உக்காந்திருக்கல. காப்பி வெச்சேன், கஞ்சி வெச்சேன், அவளுக்குத் தலை வாரிக்கூட உட்டேன். அவளும் ஒரு வார்த்தை கோவிச்சுக்கல. "கஞ்சியில உப்பு இல்ல"ன்னா, "சீப்பை இழுக்காதீங்க, முடி வலிக்குது"ன்னா, அவ்வளவுதான். எல்லாம் சரியாப் போச்சுன்னுதான் இருந்தேன்.

இந்த வீடியோவ எடுத்துட்டுப் போயிக் கோயமுத்தூருல ஒருத்தருகிட்டக் குடுத்தேன். சத்தத்தைச் சுத்தம் பண்றவரு. கம்ப்யூட்டருல அவ கூப்புட்டது மட்டும் தனியாக் கோடு கோடா நின்னுச்சுங்க. "சார், இதை எடுத்துரட்டுங்களா?"ன்னாரு. எடுங்கன்னேன். "நல்லா ரோசனை பண்ணிச் சொல்லுங்க"ன்னாரு. "வேரோட எடுங்க"ன்னேன். எடுத்தாரு பாருங்க, ஒரு பிசிறு இல்ல. இன்ஜின் சத்தம், சக்கரச் சத்தம், தூரத்துல ஒரு மயிலு. அந்தாளை மட்டும் ஒண்ணும் பண்ண முடியல, ஆரஞ்சுச் சட்டை அப்புடியே ஓடுது. போனாப் போகுதுன்னு உட்டுட்டேன்.

அதை ஆசை ஆசையாக் கொண்டாந்து அவளுக்குத்தான் மொதல்ல காட்டுனேன். கட்டிலோரம் உக்காந்து போனைப் புடிச்சுக்கிட்டேன். முன் இன்ஜின்ல இருந்து பின் இன்ஜின் வரைக்கும் முழுசாப் பாத்தா. அவ வாயைத் தொறக்காமப் பாத்த ஒரே வீடியோ அதுதானுங்க. முடிஞ்சதும், "மறுக்கா போடுங்க"ன்னா. எனக்கு அப்புடியொரு சந்தோசம். மறுக்கா போட்டேன். காதைப் போனுகிட்ட வெச்சுக் கேட்டா.

"நாங் கூப்புட்டது எங்கீங்க?"ன்னா.

"எடுத்தாச்சு. சுத்தமா எடுத்தாச்சு. நீ அங்க இருந்ததே தெரியாது"ன்னேன்.

அடுத்த நாளு விடிஞ்சதும் விடியாததுமா மக தாரணிக்குப் போனைப் போட்டு, காரு வரச்சொல்லித் திருப்பூருக்குப் போயிட்டா. கால் ஒடைஞ்சதுக்குக் கோவிக்காதவ, வீடியோ நல்லா வந்ததுக்குக் கோவிச்சுக்கிட்டுப் போனா. இந்த நாயத்தை எங்க போயிச் சொல்றதுங்க தம்பி?

சரி, வேலையப் பாப்போம்னு வீடியோவப் போட்டேன். ரெண்டு பக்கமா அஞ்சு இன்ஜின் மலை ஏறுது, அதைப் பாக்கறானுகளா? "அந்த ஆரஞ்சுச் சட்டை எதுக்கு ஓடறாரு?" ஒருத்தன் கேட்டான், அப்புறம் எல்லாரும் அதையே கேக்கறானுக. கேட்டவங்களுக்குப் பதில் போடறது என்ற பழக்கம். மறைக்கறதுக்கு என்ன இருக்குது? "என் சம்சாரம் கீழே விழுந்து காலை உடைத்துக்கொண்டார், அவரைத் தூக்க ஓடுகிறார்"னு மரியாதையாத்தான் போட்டேன். "அப்ப நீங்க என்ன பண்ணுனீங்க?"ன்னான் ஒருத்தன். "நான் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன்"னு போட்டேன். உண்மையத்தானுங்க சொன்னேன்! அதுக்கு என்ற அப்பன் ஆத்தா வரைக்கும் இழுத்துத் திட்டறானுக. எங்க குழுவுலயும் பேச்சு நின்னு போச்சு. அவனுக போட்ட சட்டத்தைத்தான் நான் காப்பாத்துனேன், அதை ஒருத்தன் சொல்லல. நீங்க சிரிச்ச வீடியோ அதுதான்.

ஊட்டுக்குப் போனா ஒரு சத்தமில்லீங்க. மில்லு இரைச்சல்ல பாதி ஆயுசு இருந்தவனுக்கு அந்த அமைதி ஆகல. சோத்தைப் போட்டு உக்காந்தா, உப்பு இருக்குதா இல்லையான்னு சொல்லக்கூட ஆளில்ல. அவ இல்லாம நல்லா இல்ல தம்பி, உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. செவுத்தைக்கூடப் பூசிப்போட்டேன். பூசுனதைக் காட்டறதுக்கு ஆள் வேணுமல்ல?

ஒரு ஞாயித்துக்கிழமை திருப்பூருக்குப் போனேன். வெறுங்கையோட போகல, மைசூர்பாகு வாங்கிட்டுத்தான் போனேன். சோபாவுல காலை நீட்டி உக்காந்து சின்ன வெங்காயம் உரிச்சுக்கிட்டு, சமையக்கட்டுல இருக்கற மகளோட ஓயாமப் பேசீட்டிருந்தா. என்னையப் பாத்ததும் பேச்சு நின்னுருச்சு.

நான் நேரா விசயத்துக்கு வந்தேன். "வசந்தாமணி, எல்லாரும் உன்ற குரலைக் கேக்கறாங்க. பாக்கற கூட்டம் பாதியாக் கொறைஞ்சு போச்சு. கெளம்பி வா. பழையபடி கல்லு மேல உக்காந்து என்ன வேணாப் பேசு. மைக்கைக்கூட உன்ற பக்கமாத் திருப்பி வெக்கறேன்"னேன். இதுக்கு மேல ஒரு புருசன் எறங்கி வர முடியுங்களா?

அவ வெங்காயத்துல இருந்து கண்ணை எடுக்கல. கையை மட்டும் தூக்குனா. உள்ளங்கை.

செத்த நேரத்துல எறக்கீருவான்னு நின்னேன். எறக்கல. எந்த வண்டி போகோணும்னு நான் நிக்கறது? அந்த ஊட்டுப் பக்கம் ரயிலே கெடையாதுங்க.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தாரணிதான் கொண்டாந்து உட்டா. எறங்கறப்பச் சொன்னா, "அப்பா, அம்மா உங்க வீடியோ ஒண்ணு உடாமப் பாக்கறாங்க. அவங்க கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். வண்டி போயிட்டிருக்கறப்ப, பாதியில, யாராச்சும் கூப்புட்டு நீங்க ஒருக்கா திரும்பிப் பாக்கோணுமாம். அதைப் பாத்தா அன்னைக்கே பொட்டியக் கட்டிட்டு வந்தர்றேன்னாங்க."

இவ்வளவுதானான்னு ஆயிப்போச்சு எனக்கு. தீ மிதிக்கச் சொல்லுவாளோ, கேமராவத் தூக்கி வீசச் சொல்லுவாளோன்னு பயந்துட்டிருந்தேன். திரும்பறது ஒரு பெரிய காரியமுங்களா?

ஆனா பாருங்க, சரியான ஆளு அமைய மாட்டேங்குது. உங்களாட்ட வந்தவங்க நாலஞ்சு பேரு கூப்புட்டுப் பாத்துட்டாங்க. ஒருத்தர் மெதுவாக் கூப்புட்டாரு, எனக்குக் கேக்கல. ஒருத்தர் கத்துன கத்துல கேமரா அதிர்ந்துருச்சு. பொள்ளாச்சிக்காரர் ஒருத்தர் பொம்பளைக் குரல்ல கூப்புட்டாரு, அவருக்கே சிரிப்பு வந்து காரியம் கெட்டுப்போச்சு. என்ற மேல ஒரு தப்பும் இல்லீங்க.

கேட்டீங்களா? ஆரன் அடிச்சுட்டான். கெளம்பீருச்சு.

இப்ப ஒரு உதவி கேப்பேன், முடியாதுன்னு சொல்லக்கூடாது. அந்தக் கல்லு மேல பாருங்க, என்ற போனை நிறுத்தி வெச்சிருக்கறேன். அது என்ற முதுகைப் பாத்து ஓடீட்டிருக்குது. அதுக்குப் பக்கத்துல போயி உக்காந்துக்குங்க. முன் இன்ஜின் தாண்டுனதும் 'ஏனுங்க'ன்னு ஒரு சத்தம் குடுங்க. உங்க குரல்லயே கூப்புடுங்க. நான் கேமராவ உட்டுட்டுத் திரும்பிப் பாப்பேன். அதை அப்புடியே திருப்பூருக்கு அனுப்பி உட்டா, பொழுதோட அவ வந்துருவா. ஊட்டுல வெங்காயம் தக்காளியெல்லாம் வாங்கி வெச்சிருக்கறேன்.

வருது, வருது. அடேயப்பா, மூணு இன்ஜின் தம்பி! கரி வண்டி! அன்னைக்கு வந்த மாதிரியே... பேசாதீங்க. கூப்புடறப்ப மட்டும் கூப்புட்டாப் போதும்...

...

ச்சூ!

...

போயிருச்சு. பின் இன்ஜினும் தாண்டீருச்சு. அடடா, அடடா! ஒரு அசைவில்ல, ஒரு கம்பமில்ல, மேகம்கூட ஒதுங்கி நின்னு வழி உட்டுச்சு... ஏனுங் தம்பி, நீங்க கூப்புடவே இல்லியே?

கூப்புட்டீங்களா? ரெண்டு தடவையா? அப்ப நான் என்ன பண்ணுனேன்?

கையா? கையத் தூக்குனனா?

அது கையோட பழக்கமுங்க. நான் தூக்கறதில்ல, அதாத் தூக்கிக்குது. மில்லுக்கை. அதை வெச்சு ஆளை எடை போடக்கூடாது தம்பி.

எங்கீங்க பையெல்லாம் எடுத்துட்டீங்க? கீழ இன்னொண்ணு நிக்குது, டேங்கர் வண்டி. அது சாதா வண்டிதான், அதுக்கெல்லாம் நான் கை தூக்க மாட்டேன். இந்தத் தடவை திரும்பீருவேன், சத்தியமா. ஒரே ஒருக்கா கூப்புட்டுட்டுப் போங்க.

பாத்து எறங்குங்க, ஈரப்பாறை. அந்த எடத்துலதான் அவ உழுந்தது.

ஏனுங் தம்பி, செத்த திரும்பிப் பாருங்க.

ஏனுங்க... உங்களைத்தானுங்க. ஏனுங்கோவ்!